பனிக்காலையில் இடறும் மொரிஸ் மைனர்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. பனிமூட்டம் இறங்கினால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. நானுஓயா ஏற்றத்தில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. பிளக் நான்கும் புதிது. பிளக் வயரை மாற்றச் சொல்கிறார்கள். வயர்தான் காரணமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமும் வயரைத்தான் காட்டுகின்றன. ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அமுக்கம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு அதிக வோல்ற் தேவை. றப்பர் வெடித்த வயரில், பிளக்கைத் தாண்டுவதை விட வெடிப்பு வழியாக எஞ்சின் இரும்பில் இறங்குவது மின்சாரத்துக்குச் சுலபமாகிவிடும். ஈரமும் தூசியும் சேர்ந்தால் அந்த வழி இன்னும் திறந்துகொள்ளும். சமதள வீதியில் அமுக்கம் குறைவு என்பதால்தான் இந்தக் குறை தெரிவதில்லை.

சோதனை எளிது. இருட்டியதும் காரைத் திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு செய்யவே வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். பெற்றோல் கசிவு இல்லை என்று முதலில் பார்த்துவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் வயர்கள் மீது பனி போலத் தண்ணீர் அடியுங்கள். வயரிலிருந்து இரும்புக்கு நீலக்கோடு பாய்ந்தாலோ ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டாலோ இடம் பிடிபட்டுவிட்டது. ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் தொடக்கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கிட்ட நிற்கவும் கூடாது.

அதோடு, ஒரு பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். நுவரெலியா உயரத்தில், அதாவது ஏறத்தாழ 1,868 மீற்றரில், காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிபார்த்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். புது பிளக்கிலும் கரி படிந்து, அதன் பீங்கான் வழியாகவே பொறி கசியும். பீங்கான் முனை பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி போலக் கறுத்திருந்தால், பெற்றோலைக் குறைக்க, எஸ்.யூ. கார்பரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டை அதன் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு திருகி மேலே ஏற்றிப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் வயரை மட்டும் மாற்றினால் பாதிக் குறை மிஞ்சும்.

கேள்வி: கடையில் நவீன கார்களுக்கான கார்பன் வயர் செட் தருகிறார்கள். பொறியை நான்கு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், பக்கவாட்டில் வயர் நுழையும் பழைய லூகாஸ் மூடிக்கு அது சரிவருமா? பூட்டும் முறையையும் சொல்லுங்கள்.
– வாசகி, பண்டாரவளை

பதில்: சரிவராது. அந்த மூடிக்குள் ஒவ்வொரு வயருக்கும் கூர்முனை ஸ்க்ரூ ஒன்று உண்டு. அது றப்பரைத் துளைத்து உள்ளேயுள்ள செப்புக் கம்பிகளுக்குள் இறங்கித்தான் தொடர்பு ஏற்படுகிறது. கார்பன் வயரின் நடுவில் இருப்பது கரி ஏற்றிய நூல்தான். ஸ்க்ரூ அதைக் கிழித்துவிடும். சில நாள் ஓடும். பிறகு அந்த இடம் பொறிந்து கருகும். 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். பழைய வயர்களை அளந்து பாருங்கள். பொறிக்கான உயர் வோல்ற்றை உண்டாக்கும் கொயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு வரும் வயரையும் சேர்த்து இரண்டரை மீற்றர் பொதுவாகப் போதும். வானொலி இரையாமல் இருக்க 5 கிலோ ஓம் தடை உள்ள பிளக் கெப் நான்கு வேண்டும்.

பற்றறியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாகப் பிடுங்கினால் வரிசை குழம்பும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய வயரை இழுத்தெடுத்து, துளைக்குள் இருக்கும் பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடையுங்கள். புது வயரைக் கூரிய கத்தியால் நேராக வெட்டுங்கள். றப்பரை உரிக்க வேண்டாம். முனையில் சிறிது சிலிக்கன் கிரீஸ் தடவி, அடி தட்டும் வரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் மூடியின் பேக்கலைட் வெடிக்கும். இறுக்கியபின் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வயர் அசைந்தால் ஸ்க்ரூ கம்பியைப் பிடிக்கவில்லை. பெரும்பாலான கோளாறு பிறக்கும் இடம் இதுதான்.

நடு வயரின் ஸ்க்ரூ, மூடியின் மையத்திலுள்ள கரித்துண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கரியையும் அதன் ஸ்பிரிங்கையும் பக்குவமாக இழுத்தெடுத்தால் தெரியும். மரை நட்டு வைத்த பழைய கொயில் என்றால், வயரை நட்டுக்குள் நுழைத்து, இந்த முனையில் மட்டும் 6 மில்லிமீற்றர் அளவு றப்பரை உரித்து, கம்பிகளைச் சின்னப் பித்தளை வோஷரின் துளை வழியே விட்டு, பூவிதழ் போல விரித்து மடித்துவிட்டு நட்டைப் பூட்டுங்கள். பிளக் கெப்பின் உள்ளே மரை இருக்கும். அதை வலஞ்சுழியாகத் திருகி வயரில் ஏற்றுங்கள்.

முடிந்ததும் மூடியின் பித்தளை முனையிலிருந்து கெப்பின் முனை வரை மல்டிமீற்றர் வைத்தால் 5,000 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒரு முனையில் தொடர்பு இல்லை. மூடியின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது பொறி ஓடிய தடம். துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: வயர் மாற்றிய பிறகு கார்பரேட்டர் பக்கம் வெடிக்கிறது.
– வாசகர், வெலிமடை

பதில்: வயர் இடம் மாறியிருக்கிறது. ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர்தான் 1. அதன் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு, ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியபின், எஞ்சின் முன்புறக் கப்பியிலுள்ள அடையாளம் அதன் எதிரிலுள்ள குறியோடு சேரும் வரை சுற்றினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டர் காட்டும் இடம் 1. அங்கிருந்து இடஞ்சுழியாக 3, 4, 2. பிளக்கைத் திரும்பப் போடும்போது இடைவெளி 0.025 அங்குலம் இருக்கட்டும்.

கேள்வி: மழைக்கு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொலித்தீனால் கட்டி, வயருக்கு கிரீஸ் பூசலாமா?
– வாசகர், புசல்லாவை

பதில்: இரண்டும் வேண்டாம். பொலித்தீனுக்குள் இரவில் வியர்வை போல நீர் கோர்க்கும். சாதாரண கிரீஸ் றப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். காலையில் மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பூட்டினாலே போதும்.