தெஸ்கஸ்தார்: எது தேய்கிறது, எதனால் தேய்கிறது?

கே: அக்கா, மொழிபெயர்க்கும்போது ஸ்பானிஷில் ‘தெஸ்கஸ்தார்’ (தேய்ப்பது) வந்தாலே ஆங்கிலத்தில் ‘வேர் அவுட்’ என்று போட்டுவிடுகிறேன். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. சரிதானே?

ப: பல இடங்களில் சரிவராது. ‘வேர் அவுட்’ என்றால் இனி உதவாது, தூக்கிப் போடலாம் என்று ஆகிவிடும். தெஸ்கஸ்தார் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்பெயினில் யாத்திரைத் தலமான சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தில், போர்ட்டிகோ தே லா குளோரியா வாசலின் நடுத்தூணை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் யாத்ரீகர்கள் ஒரே இடத்தில் கைவைத்து வைத்து, பளிங்கில் விரல் விரலாகக் குழி விழுந்திருக்கிறது. அந்தத் தூண் ‘தெஸ்கஸ்தாதா’, அதாவது தேய்ந்தது. அதை ‘வோர்ன் அவுட்’ என்று எழுதினால் நாளைக்கே இடித்துவிடுவார்கள் போலிருக்கும்! ‘வோர்ன்’ போதும். வழவழப்பையும் சொல்ல வேண்டுமென்றால் ‘வோர்ன் ஸ்மூத்’. ‘ஈரோடட்’ என்றால் காற்றும் மழையும் அரித்ததாகத் தோன்றும். இது கை தேய்த்த கல்.

கே: ‘எஸ்தா தீஸ்குஸ்யோன் மே தெஸ்கஸ்தா’ (இந்த வாக்குவாதம் என்னைத் தேய்க்கிறது) என்று ஒரு வசனம். வாக்குவாதத்தில் என்ன தேயும்?

ப: ஆள்தான்! ‘வேர்ஸ் மீ அவுட்’ என்றால் களைப்பு, தூங்கி எழுந்தால் போய்விடும். ‘வேர்ஸ் மீ டவுன்’ என்றால் நாள்பட நாள்பட எதிர்த்து நிற்கும் தெம்பு குறைவது. ‘மனசு நைஞ்சு போச்சு’ என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதிரியை மெல்ல மெல்லத் தேய்க்கும் போரைச் சொல்லும் ‘கெர்ரா தே தெஸ்கஸ்தே’ மட்டும் வேறு கதை. ‘வார் ஆஃப் அட்ரிஷன்’ என்று நிலைத்துவிட்டது, கைவைக்காதீர்கள்.

கே: பல் மருத்துவ அறிக்கையில் ‘தெஸ்கஸ்தே தென்தால்’?

ப: ‘டூத் வேர்’ என்று நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் பல்லோடு பல் உரசினால் ‘அட்ரிஷன்’, பிரஷ் போட்டுத் தேய்த்தால் ‘அப்ரேஷன்’, அமிலம் அரித்தால் ‘ஈரோஷன்’. நான் ஒருமுறை ‘ஈரோஷன்’ என்று எழுதிக் கொடுத்து, “அமிலம் என்று உங்களுக்கு யார் சொன்னது?” என்று மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கே: வாடகை ஒப்பந்தத்தில் ‘தெஸ்கஸ்தே போர் எல் உஸோ நோர்மால்’ (வழக்கமான புழக்கத்தால் வரும் தேய்மானம்)?

ப: பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ‘ஃபேர் வேர் அண்ட் டேர்’, அமெரிக்கருக்கு ‘நார்மல் வேர் அண்ட் டேர்’.

கே: ஊசியின் மரப்பு ‘வேர் ஆஃப்’ ஆவதற்கும் இதே சொல்தானா?

ப: இல்லை. ‘சே பாஸா எல் எஃபெக்தோ’, அதாவது அதன் விளைவு போய்விடுகிறது.

கே: ‘கஸ்தார்’ என்றால் செலவழிப்பது. அதற்கும் இதற்கும் உறவு உண்டா அக்கா?

ப: உண்டு. கஸ்தாரின் மூலம் பாழாக்குவதைக் குறித்த லத்தீன் ‘வாஸ்தாரே’. அதே சொல் பிரெஞ்சு வழியாகப் போய் ஆங்கிலத்தில் ‘வேஸ்ட்’ ஆனது. இன்னொரு வேடிக்கை: ஆங்கில ‘வேர்’ உடுத்துவதற்கும் உண்டு, தேய்வதற்கும் உண்டு. கஸ்தாரும் அப்படித்தான். ஸ்பெயினில் ‘கஸ்தா பிகோதே’ என்றால் மீசை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். முதன்முதலில் பார்த்தபோது, மீசையைச் செலவழிக்கிறாராம் என்றுதான் நானும் படித்தேன்.