கணப்பு மூட்டிய குற்றம்

வணக்கம் ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகள் வருடா வருடம் கோடை விடுமுறையில் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பக்கம் ஒரு முகாமுக்குப் போகிறாள். லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்தும் பழைய முகாம் அது. அதன் இயக்குநராக நெடுங்காலம் இருந்த அம்மையாரைப் போன மாதம் திடீரென்று நீக்கிவிட்டார்கள். நிர்வாகக் குழுவிடமிருந்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "பணியாளர் தொடர்பான விஷயம், மேற்கொண்டு எதுவும் சொல்ல இயலாது" என்பதோடு சரி.

பெற்றோர், முன்னாள் முகாம் பிள்ளைகள், முகாமில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர்களான கவுன்சிலர்கள் எல்லாரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள், முகாம் டி-ஷர்ட் அணிந்து அலுவலக வாசலில் நிற்கிறார்கள், நன்கொடையை நிறுத்துவோம் என்கிறார்கள். என் கணவர், "பணம் கட்டினோம், பிள்ளை போய்வந்தாள். யாரை வேலைக்கு வைப்பது என்பது அவர்கள் பாடு, ஊர் வம்பு நமக்கு எதற்கு" என்கிறார். ஆனால் முதல் வருடம் என் மகள் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் கிடந்தபோது, ராத்திரி படகுத்துறைப் படியில் அவளோடு உட்கார்ந்து பேச வைத்தவர் அந்த அம்மையார்தான். காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடுவது சரியா? போடாமல் இருந்தால் நன்றி கெட்டத்தனம் ஆகாதா?

எஸ்., நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

கையெழுத்துப் போடுங்கள். ஆனால் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். "அவர்மேல் எந்தத் தவறும் இல்லை" என்று இருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியாது. படகுத்துறைப் படியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது சட்டப்படி சரி. மான்டானா நீங்கலாக அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும், ஒப்பந்தம் ஏதும் இல்லாத ஊழியரைக் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்பதுதான் பொது விதி. இனம், மதம், பால் போன்றவற்றை வைத்து நீக்கக் கூடாது, முறைகேட்டைப் புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஆனால் முகாம் என்பது கட்டணம் கட்டி வாங்கும் சேவை மட்டும் என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வருடம் அழுகிற பிள்ளைதான் நாளைக்குப் பயிற்சிக் கவுன்சிலர், அடுத்து கவுன்சிலர், பிறகு தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர். ஏரியில் யார் எதுவரை நீந்தலாம், புதுப் பிள்ளையை எந்தக் குடிலில் போட வேண்டும் என்பதெல்லாம் இப்படிக் கைமாறி வருகிற அறிவு. அதை வளர்த்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது என்றால் யாருக்கு உண்டு?

அதற்காக, ஊர் திரண்டதாலேயே நியாயம் அதன் பக்கம் வந்துவிடாது. அமெரிக்காவில் கோடை முகாமின் தொடக்கமாகப் பலரும் சொல்வது, கனெக்டிகட்டில் பள்ளி நடத்திய ஃப்ரெடரிக் கன் 1861இல் தன் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்ததை. அந்தக் கன் அடிமை முறையை எதிர்த்தவர். அதற்காகவே ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவர் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவர் ஊரைவிட்டுப் போய்ப் பென்சில்வேனியாவில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துதான் 1850இல் மறுபடி பள்ளி தொடங்கினார். நல்ல ஆசிரியரைத் துரத்தியதும் ஊர்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள பர்ஸ்டன் என்ற சின்னக் கிராமம். 1911இல் அன்னி ஹிக்டன் அங்கே தலைமையாசிரியையாக வந்தார். கணவர் டாம் துணை ஆசிரியர், பண்ணைக் கூலிகளுக்குச் சங்கம் அமைத்தவர். 1913இல் ஊராட்சித் தேர்தலில் டாமும் கூலித் தொழிலாளர்களும் ஜெயித்தார்கள். தோற்றுப்போன பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் தலைவர். அதன்பின் புகார்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்று, அனுமதி இல்லாமல் வகுப்பறைக் கணப்பில் தீ மூட்டினார் என்பது. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணியைக் காயவைக்க அன்னி மூட்டிய தீ அது. நிர்வாகக் குழுவிடம் மரியாதைக் குறைவாக நடந்தார் என்றும், இரண்டு பிள்ளைகளை அடித்தார் என்றும் புகார். கிராமத்தார் எதையும் நம்பவில்லை. ஆனாலும் கல்விக் குழு இருவரையும் நீக்கியது.

1914 ஏப்ரல் 1ஆம் தேதி, 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியை விட்டு வெளியே வந்து ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். முன்னால் நடந்தவள் வயலெட் பாட்டர் என்ற 13 வயதுச் சிறுமி. எங்கள் ஆசிரியர்கள் திரும்ப வேண்டும் என்று அட்டைகளில் எழுதிப் பிடித்திருந்தார்கள். ஊர்ப் பொதுவெளியில் பாடம் நடந்தது, அப்புறம் ஒரு தச்சுப் பட்டறையில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர் 18 பேருக்குத் தலா இரண்டரை ஷில்லிங் அபராதம். சந்தா வசூலித்துக் கட்டினார்கள். தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த சிலரைப் பாதிரியார் வெளியேற்றினார். அப்போதும் பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை. தொழிற்சங்கங்கள் தந்த பணத்தில் 1917 மே மாதம் சொந்தக் கட்டடமே எழும்பியது. டாம் இறந்த 1939 வரை, 25 வருடம், அந்தப் பள்ளி நடந்தது.

ஹிக்டன் தம்பதிக்கு அரசுப் பள்ளி வேலை கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த அர்த்தத்தில் போராட்டம் தோற்றது. இருந்தும் பர்ஸ்டன் பெற்றோரின் பேச்சில் அவ்வளவு உறுதி எப்படி வந்தது? குற்றச்சாட்டு என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணப்பில் காய்ந்தது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் துணி. ஈரத்தோடு அனுப்பிய பிள்ளை காய்ந்த துணியோடு வீடு வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அதைக் குற்றம் என்று எந்தக் குழு சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவர்கள் சாட்சிகள்.

நீங்களும் சாட்சிதான், ஆனால் பாதிக்கு மட்டும். மறுபாதி மூடிய அறைக்குள் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மிசௌரியில் கனகுக் என்று ஒரு பெரிய கிறிஸ்தவ முகாம். அதன் இயக்குநர்களில் ஒருவரைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அப்படிப் பிடித்திருந்தது. 2009இல் நீக்கப்பட்டார். சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2010இல் இரண்டு ஆயுள் தண்டனையும் மேலே 30 வருடமும் பெற்றார். பிள்ளைகளும் பெற்றோரும் அவர்மேல் வைத்திருந்த பிரியத்தைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். உங்கள் அம்மையாரை நான் சந்தேகிக்கவில்லை, சந்தேகிக்க எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. "எல்லாருக்கும் பிடித்தவர், அதனால் நிரபராதி" என்ற வாதத்தை மட்டும் மனுவில் வைக்காதீர்கள் என்கிறேன். நாளைக்கு உண்மையாகவே பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளை வாய் திறக்க நினைத்தால், அந்த வாதம்தான் குறுக்கே நிற்கும்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த நீக்கம் பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதா, இல்லையா? அந்தரங்கம் எதையும் வெளியிடாமலே இதற்குப் பதில் சொல்ல முடியும். 'ஆம்' என்றால் வாசலில் நிற்பவர்கள் கலைந்துபோய், தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும். 'இல்லை' என்றால், முடிவை யார் எடுத்தார்கள், அவர் தரப்பைக் கேட்டார்களா, ஏன் கோடைக்கு முன்னால் இவ்வளவு அவசரம் என்று விடாமல் கேளுங்கள். பதிலே வராவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள். இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 என்ற படிவம் பொது ஆவணம். நிர்வாகக் குழுவில் யார் யார், பணம் எப்படிச் செலவாகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோஷம் எழுதும் முன் அதை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். சண்டை நிலத்தை விற்பதைப் பற்றியதா, கட்டணத்தைப் பற்றியதா என்று சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த அம்மையாரிடம் யாராவது கேட்டீர்களா? போராடுபவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். பிரிவுத்தொகை வாங்கும்போது வெளியே பேச மாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். உங்கள் ஊர்வலம் அவருக்கு அடுத்த வேலை கிடைப்பதைக் கெடுக்கலாம். அவர் வேண்டாம் என்றால், அவர் பெயரை எடுத்துவிட்டு அவர் கட்டிக்காத்த நடைமுறைகளுக்காகப் பேசுங்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால், மகளை இந்தக் கோடையிலும் அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே இருக்கப்போகிறவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுக் கவுன்சிலர்கள். அவர்களில் பலர் அந்த அம்மையார் வளர்த்த பிள்ளைகள், மேலே நடந்த எதிலும் அவர்களுக்குக் கை இல்லை. படகுத்துறைப் படியில் அழுகிற பிள்ளையோடு உட்காரத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், அவர்கள்மேல் கோபத்தைக் காட்ட வேண்டாம். முகாம் தொடங்கும் முன் பெற்றோரோடு ஒரு கூட்டம் நடத்தச் சொல்லித் தேதி கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் வம்பு என்கிறவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் நிர்வாகக் குழு கூடுதல் கவனத்தோடு பதில் சொல்லும்.