ஒரு வருடப் படங்களைப் பிரித்துப் பார்க்கையில்: கேள்வி பதில்

ஜனவரி முதல் டிசம்பர் வரை பறவை, விலங்கு என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர்கள், எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது எழுந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, அக்டோபர் கடைசியில் வேடந்தாங்கல் போனேன். நாலைந்து கொக்கைத் தவிர ஒன்றுமில்லை. ஏன்?

பதில்: பறவைக்குக் கணக்கு தண்ணீர்தான். ஏரிக்குள் நிற்கும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகே கூடு கட்டுவது மும்முரமாகும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் முதலில் குச்சி சுமந்து வரும், பிறகு குஞ்சுக்கு இரை ஊட்டும். கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்துவிடுங்கள். அந்தக் காலம் தவறினால் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும். 300 மி.மீ. லென்ஸ் தாராளம்.

கேள்வி: கோடியக்கரையில் 600 மி.மீ. லென்ஸ், டிரைபாட், 1/2000 நொடி ஷட்டர். ஆனாலும் பூநாரைப் படம் அத்தனையும் மசமசவென்று இருக்கிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கானல்தான். வெயில் ஏறியதும் சேற்றிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் எழும் சூடான காற்று ஒளியை வளைத்துவிடும். உங்களுக்கும் பறவைக்கும் நடுவே 200 மீட்டர் காற்று இருந்தால் எந்த லென்ஸும் அதை ஊடுருவாது.

உறுதிசெய்ய ஒரு வழி: தொடர்ச்சியாக எடுத்த 10 படங்களை 100% பெரிதாக்கி, பறவையின் கால் விளிம்பை மட்டும் பாருங்கள். படத்துக்குப் படம் அந்த விளிம்பு வேறு வேறு விதமாக நெளிந்தால் கானல். பறவை எல்லாப் படத்திலும் ஒரேபோல் மங்கலாகி, அதன் முன்னாலோ பின்னாலோ உள்ள சேறு மட்டும் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறு. ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அல்லது டிரைபாட் அசைவு.

விடிந்ததிலிருந்து எட்டரை மணிக்குள் எடுத்து முடியுங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். உள்ளிருக்கும் குளிர்ந்த காற்று வெளிச்சூட்டோடு கலக்கும்போது ஜன்னலிலேயே ஒரு கானல் உண்டாகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கேள்வி: கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறதே?

பதில்: பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −1 வரை இறக்குங்கள். வெளிறிய வானத்தில் பறக்கும் பறவைக்கு நேர்மாறாக +1 அல்லது அதற்கும் சற்று மேல்.

கேள்வி: ஜூலையில் வால்பாறை போய்வந்த பிறகு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது.

பதில்: பூஞ்சை. உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள்; விட்டால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். இனி ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையை மூடியபடியே அரை மணி நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கோக்கும். வீட்டில் 40 முதல் 50% ஈரப்பதத்தில் வைக்கவும். ஈரத்தை உறிஞ்சப் போடும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்தெடுத்துத்தான் மறுபடி போட வேண்டும். அரிசி டப்பாவுக்குள் லென்ஸை வைக்கவே வேண்டாம், தூசிதான் மிச்சம்.

கேள்வி: பிப்ரவரியில் மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா போனால் பூட்டியிருந்தது.

பதில்: வரையாடு குட்டி ஈனும் காலம் அது. வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போனால் குட்டிகளோடு பார்க்கலாம்.

கேள்வி: இருவாச்சிக் கூடு ஒன்று தெரியும். அடுத்த வருடம் அங்கேயே நாள் முழுக்க உட்காரலாமா?

பதில்: வேண்டாம். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டிருக்கும். ஆண் கொண்டுவருவதுதான் அதற்கும் குஞ்சுக்கும் சோறு. நீங்கள் கீழே நின்றால் ஆண் தூரத்து மரத்திலேயே தயங்கி நிற்கும், சில வேளை ஊட்டாமலே திரும்பிப் போய்விடும். பழுத்த ஆலமரமோ அத்திமரமோ தேடி, அதிகாலையில் அதன் எதிரே காத்திருங்கள். அதே பறவை அங்கே தானாக வரும். கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.