கேள்வி–பதில்: லினக்ஸ் அடைவுகளை யார் தீர்மானிக்கிறார்கள்?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளை நிரல்கள் இருக்கும் ‘பின்’ (/bin) அடைவு, அதாவது கோப்புறை, ‘யூஎஸ்ஆர்’ (/usr) அடைவுக்குள் போய்விட்டதே, இது லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் எல்லோர் மீதும் திணித்த மாற்றமா?

பதில்: நிறுவனத்தின் செல்வாக்கு இருந்தது உண்மை, திணிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2012-இல் வெளிவந்த ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இந்த இணைப்பை முன்னின்று செய்தவர்கள் ரெட் ஹாட் பொறியாளர்கள்தாம். ஆனால் நிரல்களை இரண்டு அடைவுகளில் பிரித்து வைத்த பழைய பிரிவினைக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை: 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் வட்டு நிரம்பியதால், பயனர் கோப்புகளுக்கென இருந்த இரண்டாம் வட்டுக்கு (அதுவே ‘யூஎஸ்ஆர்’) நிரல்களும் போய்ச் சேர்ந்தன, அந்த இடநெருக்கடியே பின்னாளில் மரபாக நிலைத்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகையில் ‘பின்’ என்பது வெகுகாலம் முன்பே ‘யூஎஸ்ஆர்/பின்’ அடைவைச் சுட்டும் வெறும் குறியீட்டு இணைப்புதான். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில், எல்லா அடைவுகளுக்கும் மேலான வேர் அடைவை விரிவாகப் பட்டியலிட்டால் ‘பின்’ என்பதன் அருகே ‘யூஎஸ்ஆர்/பின்’ நோக்கிய அம்புக்குறி தெரியும். ‘பின்’ என்ற பழைய முகவரியை நம்பி எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) இன்னும் ஓடுவது அதனால்தான்.

என் கவலை வேறு. முழுநேரச் சம்பளம் பெறும் பொறியாளர்கள் ஒரு மாற்றத்தை நிறைவேற்றிக் காட்டிவிட்டால், தன்னார்வலர்களுக்கு அதைப் பின்தொடர்வதே பெரும் வேலையாகிறது. தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் வெளியீடான டெபியன் பல ஆண்டுகள் வெளிப்படையாக விவாதித்த பிறகே, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இதைக் கட்டாயமாக்கியது. அந்த விவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.