ஸ்கிரிப்ட் தோற்றது கருவிக்குத் தெரிகிறதா? எக்ஸிட் கோடு கேள்வி பதில்

கேள்வி: என் ஸ்கிரிப்ட் தோற்றால், அதை ஓட்டும் கருவி பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஒரு கட்டளையோ ஸ்கிரிப்டோ முடியும்போது விட்டுச்செல்லும் எண்தான் எக்ஸிட் கோடு, 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. வேண்டுமென்றே தோற்கிற ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள், எக்ஸிட் 3 என்று ஒரே வரி போதும். அதைக் கருவியிடம் கொடுத்து ஓட்டிவிட்டு, நடுவில் வேறெந்தக் கட்டளையும் அடிக்காமல் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடைக் காட்டும் $? என்ன சொல்கிறது என்று உடனே பாருங்கள். 1 வேண்டாம், ஏனென்றால் பல கருவிகள் தங்கள் சொந்தப் பிழைக்கும் 1தான் தரும், அப்போது யாருடைய 1 என்று தெரியாது. லினக்ஸில், உள்ளீட்டை வாங்கிக் கட்டளைகளுக்குக் கொடுத்து ஓட்டும் எக்ஸார்க்ஸிடம், ஸ்கிரிப்ட் 3 கொடுத்தால் 123 வரும். ஃபைல் தேடும் ஃபைண்டில், கிடைத்த ஃபைல்கள்மீது கட்டளை ஓட்டும் -எக்ஸெக் அரைப்புள்ளியோடு முடிந்தால் ஸ்கிரிப்ட் தோற்றாலும் 0 வரும், கூட்டல் குறியோடு முடிந்தால் தோல்வி வெளியே தெரியும்.

கேள்வி: பிழைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாக அனுப்பலாமா அண்ணா?

பதில்: கூடாது தம்பி. 0 முதல் 255 வரைதான் இடம். சரியாக 256 பிழை வந்த அன்று 0 போகும், அதாவது வெற்றி.

கேள்வி: ஏதாவது கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ போட்டதும், சொல் தேடும் கிரெப் வரியில் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. தோற்றாலும் வெற்றி என்றாக்கும் || ட்ரூ சேர்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கிரெப்பில் 1 என்றால் தேடியது கிடைக்கவில்லை, 2 என்றால் ஃபைலையே திறக்க முடியாதது போன்ற நிஜப் பிழை, நீங்கள் சொல்லும் வழி இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். ||க்குப் பிறகு $?ஐ ஒரு மாறியில் வாங்கி, 1ஐ விடப் பெரிதாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குள் அனுப்பும் பைப் இருந்தால் யாருடைய கோடு வரும்?

பதில்: கடைசிக் கட்டளையுடையது. இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் டம்ப்பை, அதைச் சுருக்கும் ஜிசிப்புக்குள் பைப் செய்து தினமும் இரவு பேக்கப் எடுத்தோம், பாஸ்வேர்டு மாறியதில் டம்ப் தோற்றுக்கொண்டே இருக்க, ஜிசிப் மட்டும் ஒவ்வொரு நாளும் 0 சொல்லியது. ஒருநாள் ஃபைல் தேவைப்பட்டுத் திறந்து பார்த்தால் எல்லாமே 20 பைட், வெறுமையைச் சுருக்கினால் ஜிசிப் தரும் அளவு அதுதான். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் செட் -ஓ பைப்ஃபெயில் போடுங்கள். அப்புறம் டம்ப் இருக்கும் இடத்தில், எப்போதும் தோற்கும் ஃபால்ஸ் கட்டளையை வைத்து ஒருமுறை ஓட்டி, 1 வருவதைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: 137 வருகிறது, நான் அப்படி எதுவும் எழுதவில்லையே?

பதில்: 128 கூட்டல் 9. சிக்னலால் கொல்லப்பட்டால் 128ஓடு சிக்னல் எண் சேர்ந்து வரும், 9 என்பது சிக்கில் (SIGKILL), உடனே கொல்லும் சிக்னல். உங்கள் ஸ்கிரிப்டை அது வெளியிலிருந்து கொன்றிருக்கிறது, பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய், லினக்ஸின் மையமான கெர்னல் செய்த வேலை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில் தேடிப் பாருங்கள்.