செத்த பிறகு வந்த புகழா?

கேள்வி: ராப் பாடகர் எம்.எஃப். டூம் இறந்த செய்தி பார்த்துத்தான் அவருடைய 'மேட்வில்லனி' ஆல்பம் கேட்டேன். 22 டிராக், பல இரண்டு நிமிடம்கூட இல்லை, கோரஸும் கிடையாது. ஆள் போய்விட்டார் என்பதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களா?

பதில்: ஆல்பம் வந்தது 2004 மார்ச்சில். டூம் காலமானது 2020 அக்டோபர் 31. வெளியே தெரிந்தது டிசம்பர் 31. நடுவில் 16 வருஷம் இதைக் கொண்டாடியவர்கள் யாரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இல்லை. சாவு செய்த கெடுதல் வேறு. 'அக்கார்டியன்' பாட்டின் தொடக்கத்தில் இரவல் நேரத்தில் வாழ்வதாக ஒரு வரி வரும். அதை இப்போது தீர்க்கதரிசனம் ஆக்கிவிட்டார்கள். பேசுவது டூம் ஏற்ற முகமூடி வில்லன் வேஷம், ஐயா!

ஷஃபிளில்தானே கேட்டீர்கள்? முதலில் அதை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கிவிடும் கிராஸ்ஃபேடையும் பூஜ்யத்தில் வையுங்கள். ராப்பே இல்லாத முதல் டிராக்கைத் தாண்டாதீர்கள். பழைய வசனத் துண்டுகளை ஒட்டி வில்லனை மேடையேற்றுவது அதுதான். 'ஷேடோஸ் ஆஃப் டுமாரோ'வில் கேட்கும் கீச்சுக்குரல் டூம் இல்லை, இசையமைத்த மேட்லிப்.

அடித்தள ஒலியைத் தூக்கும் பாஸ் பூஸ்ட் கூடவே கூடாது. முடிக்காத ஆல்பம் முன்கூட்டியே இணையத்தில் கசிந்துவிட்டது. பிறகு மறுபடி பதிந்தபோது டூம் முறுக்கைக் குறைத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி குரலை இறக்கினார். பாஸைக் கூட்டினால் அந்தக் குரல் பீட்டுக்குள் புதைந்துபோகும். கசிந்த கதையைக் கடைசிப் பாட்டான 'ரைன்ஸ்டோன் கவ்பாய்'இல் அவரே நக்கலடிக்கிறார். அதன் அடியில் ஓடுவது பிரேசில் பாடகி மரியா பெத்தானியாவின் இசைத்தட்டு. பிரேசிலில் ஓட்டல் அறையில் இசைத்தட்டு ஓட்டும் சின்ன டர்ன்டேபிள், ஒலித் துண்டுகளை வெட்டி ஒட்டும் எஸ்பி-303 சாம்ப்ளர், கேசட் டெக் இவற்றை வைத்தே மேட்லிப் சில பீட்டுகளை முடித்துவிட்டார்.

கோரஸ் செய்ய வேண்டிய வேலையை இங்கே இயைபு செய்கிறது. 'ஆல் கேப்ஸ்' கேளுங்கள். (தன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்கிற பாட்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது, டூம் நம்மைத் திட்ட முடியாது.) 'டிராவஸ்டி', 'ஹேவிங் மீ', 'மெஜஸ்டி' என்று மூன்று அசையும் சேர்ந்து விழும். நடுவில் இருப்பது இரண்டு சொல். அதை ஒரே சொல்லாக உருட்டிவிடுகிறார். வரிகளைப் படித்துக்கொண்டே கேட்டால் இது கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்கு எட்டாது. இரண்டு முறை படிக்காமல் கேளுங்கள், மூன்றாம் முறை வரிகளை எடுங்கள்.

அதற்கும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். 46 நிமிடத்தை இரக்கப்பட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை.