வேப் எனும் மின்சிகரெட்டில் வருவது வெறும் தண்ணீர் ஆவியா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகனின் ஸ்வெட்டர் பையில் பென்டிரைவ் மாதிரி ஒன்று இருந்தது. கேட்டால், "வேப்மா. புகையிலை கிடையாது, மாம்பழ வாசனை ஆவிதான்" என்கிறான். பீடி பிடிக்கும் என் கணவரோ, "நானும் இதுக்கே மாறிடலாமே" என்கிறார். இது பாதுகாப்பானதா?

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி அம்மா. அதில் புகையிலை இல்லை. ஆனால் புகையிலையில் அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின் பெரும்பாலும் இருக்கும். 'நிக்கோட்டின் இல்லை' என்று அச்சிட்டவற்றில்கூடச் சோதனையில் அது அகப்பட்டிருக்கிறது.

ஆவி என்பதுதான் பெரிய தப்பு. மார்கழிக் காலையில் நம் ஊரில் வாயைத் திறந்தால் வருவது தண்ணீர் ஆவி. வேப்பில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப்பொருள் எல்லாம் கலந்த திரவத்தைச் சூடான கம்பிச்சுருள் நுண்துளிகளாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு உருவாகலாம். சுருளிலிருந்து நிக்கல், ஈயம்கூடச் சேரலாம்.

2019-20-ல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு 68 பேர் இறந்தார்கள். அதைச் சொல்லி மகனைப் பயமுறுத்த வேண்டாம். அங்கே முக்கியக் காரணம் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். பையன் அதைத் தேடிப் படித்துவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான். என் கவலை அவனுடைய வயதுதான். மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. அதற்குள் நிக்கோட்டின் பழகினால் அடிமைத்தனம் சீக்கிரம் வரும், படிப்பில் கவனமும் கெடும். எழுந்தவுடன் தேடுகிறானா, கிடைக்காத நாளில் எரிந்து விழுகிறானா என்று பாருங்கள். திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கணவர் விஷயம் வேறு. இலை எரியாததால் பீடி, சிகரெட்டைவிட வேப்பில் நச்சு குறைவு என்பது உண்மை. வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்களும் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே புகைப்பவருக்கான கணக்கு. புகைக்காத பையனுக்குப் பொருந்தாது. பலர் விடவும் விடாமல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். தவிர, இந்தியாவில் 2019 முதல் இதன் விற்பனைக்குத் தடை. திருட்டுத்தனமாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் சோதிக்கிறார்கள்? பீடியை நிறுத்த நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் இருக்கின்றன. மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கட்டும். புகையிலையை நிறுத்த உதவும் 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அப்பா, மகன் இருவருமே பேசலாம்.

மகனுக்கு விடாத இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் குளிர்தான் காரணம் என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வேப் பிடிப்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.